நாலாவது கொலை கொஞ்சம் இழுவை

அன்பு மகனே,

சூரிய சந்திரர் சாட்சியாக, அம்பத்தூர் ஏரியில் மிச்சமிருக்கும் தண்ணீர் சாட்சியாக, போன மாதம் என் இடது கண்ணில் வைத்த புது லென்ஸ் சாட்சியாக உறுதி கூறுகிறேன்: இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை இந்தப் பூமண்டலத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. முதலில் நீ நம்ப மாட்டாய். அடுத்தது உன் அம்மா. மழை வருகிறது என்று நான் கத்தினால்கூட அவள் மாடிக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடியிலிருந்து துணியை எடுப்பாள். முப்பத்தைந்து வருஷக் குடும்ப வாழ்க்கையில் நான் சம்பாதித்த மரியாதை அது. ஆகவே நம்பாதே. நம்பாமலே படி. படிப்பதற்கு நம்பிக்கை தேவையில்லை என்பதை உன் வாசகர்களிடமிருந்து நான் சமீபத்தில் கற்றுக்கொண்டேன்.

போன வாரம் வாட்ஸப்பில் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாய். புத்தகம் மறுபதிப்புக்குப் போய்விட்டது, உள்ளே இனி ஓர் எழுத்துகூட மாறாது, பின்னட்டைக்கு மட்டும் வாசகர் கருத்து நாலு வரி வேண்டும், நம்ம கள்ளிக்குப்பம் ஆட்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள் அப்பா என்று. கடைசியில் ‘கொஞ்சம் நிஜமா எழுதுங்க’ என்று ஒரு வாலையும் ஒட்டியிருந்தாய். அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன். உன் வாசகர்கள் யாரும் உனக்குத் தனியாக எழுதுவதில்லை; ஊரே பார்க்க நட்சத்திரம் குத்தி எழுதுகிறார்கள். அதனால் நானும் இதை உனக்கு மட்டும் அனுப்பப்போவதில்லை. நம் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலரில் போடக் கொடுக்கிறேன். செயலாளர் வேறு, மேட்டர் கம்மியாக இருக்கிறது என்று அழுதுகொண்டிருக்கிறார்.

மலர் படிக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். பல வருஷங்களுக்கு முன்னால் இந்த ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் மதிய வேளைகளில் ஒருவன் சுற்றினான். ஆண்கள் ஃபேக்டரியிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் இருக்கும் நேரம் பார்த்து, தனியாக இருந்த பெண்களைக் கொன்றான். பிறகு பிடிபட்டு, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, ஜெயிலிலேயே செத்தான். என் மகன் அவனைப் பற்றித்தான் புத்தகம் எழுதியிருக்கிறான். ஒரு சொல்கூடப் பொய் இல்லாத புத்தகம். இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லாத எதையும் அவன் அதில் சேர்க்கவில்லை. எனக்குப் பிறந்து இப்படி ஒருவன் ஆனானே என்று நான் வியக்காத நாளில்லை.

சரி, கருத்துகளுக்கு வருகிறேன். உன் புத்தகம் இங்கே வந்திறங்கிய அன்று நடந்ததை என்னவென்று சொல்ல. அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ்ஸில் ஏறியவர்கள் இறங்க மறந்தார்கள். இறங்கியவர்கள் எங்கே இறங்கினோம் என்பதை மறந்தார்கள். அண்ணனூர் ஸ்டேஷனில் ஒரு கல்யாணக் கோஷ்டி புத்தகத்தில் மூழ்கி முகூர்த்தத்தைக் கோட்டைவிட்டது. மாப்பிள்ளை மட்டும் சந்தோஷமாக இருந்தான். தாகமெடுக்கும் அத்தியாயங்கள் என்பதால் ஏரித் தண்ணீர் இரண்டு அடி இறங்கியது. இதெல்லாம் என் கணக்கு. மற்றவர்கள் கணக்குப்படி நம் தெருவில் பத்துப் பேர் வாங்கினார்கள், மீதிப் பேர் அவர்களிடம் இரவல் வாங்கினார்கள்.

வாங்கியவர்கள் முதலில் தேடியது தங்கள் தெருவை. சலூன்காரர் தன் கடை இருக்கும் சந்து வரும் பக்கம்வரை படித்துவிட்டு, அங்கே புங்க மரம் என்று எழுதியிருக்கிறது, இருப்பது வேப்ப மரம், மரத்தையே ஒழுங்காகப் பார்க்காதவன் கொலையை எப்படிப் பார்த்திருப்பான் என்று மூடி வைத்துவிட்டார். பூங்காவில் நடக்க வரும் என் ஆவடி ராணுவ டாங்கி ஃபேக்டரி சிநேகிதர்கள், வாழ்நாள் முழுக்க இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் இருந்தவர்கள், உன் புத்தகத்தையும் டாங்கி உதிரிப் பாகம் மாதிரியே சோதித்து இரண்டு எழுத்துப் பிழைக்காக ‘ரிஜெக்ட்’ என்று தீர்ப்புச் சொன்னார்கள். வானகரத்திலிருந்து வரும் ஒருவருக்கோ, புத்தகத்தில் வானகரத்தில் ஒரு கொலைகூட நடக்கவில்லை என்று பெரிய மனக்குறை. “எங்க ஏரியாவ டீல்ல உட்டுட்டாரே உம் புள்ள,” என்றார். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று ஆறுதல் சொன்னேன்.

நான் சிரித்தேன் அப்பா என்று நீ சொல்வாய். நானும் சிரித்தேன். பிறகு இணையத்தில் இருப்பதையும் படித்துக் காட்டச் சொல்லி உன் அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். கண்ணில் கட்டு இருந்த சமயம். அவள் கீரை ஆய்ந்துகொண்டே படித்தாள். ‘விறுவிறுப்பு, ஒரே மூச்சில் முடித்தேன்.’ ‘பேக்கிங் நன்று, டெலிவரி தாமதம், அதனால் நாலு நட்சத்திரம்.’ ‘கொலைகாரனின் சிறு வயதை இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம், பாவம் அவனும் மனிதன்தானே.’ அப்புறம் ஒன்று படித்தாள்: ‘நாலாவது கொலை கொஞ்சம் இழுவை.’ படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். கீரையையும் தள்ளி வைத்தாள். கண்ணைத் துடைக்கிறாள் என்பது கட்டுக்குள்ளிருந்தே எனக்குத் தெரிந்தது.

உன் புத்தகத்தில் நாலாவது, நமக்குப் பக்கத்து வீட்டு செசிலி. பெயரை மாற்றினாய், தெருவை மாற்றினாய், நன்றி. போலீஸ் எடுத்த பழைய போட்டோவை மட்டும் அப்படியே போட்டுவிட்டாய். அவள் வீட்டு முன்னறை. கழுவித் துடைத்த தரை, நடுவில் ஒரு டீப்பாய், அதன்மேல் கஞ்சி போட்ட வெள்ளைத் துணி, துணிமேல் நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரம். எதிர்ப் பக்கத்தில் நீ எழுதிய வரி: ‘கதவு உடைக்கப்படவில்லை. அது ஏற்கெனவே திறந்திருந்தது.’ அவள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள் என்பதையும் எழுதினாய். மூன்றும் உண்மை. மூன்றுக்கும் உன்னிடம் இரண்டிரண்டு சாட்சி.

மீதியை உன் வாசகர்கள் எழுதிக்கொண்டார்கள். எச்சரிக்கையாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஆரம்பித்தார் ஒருவர். போட்டோவை உற்றுப் பார்த்தால் உண்மை தெரியும் என்றார் அடுத்தவர். பட்டப்பகலில் பட்டுப்புடவை, மல்லிகைப் பூ, விரித்த மேஜை, திறந்த கதவு: புருஷனுக்காகவா இதெல்லாம் என்று ஒருவர் கேட்க, அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். அவளுக்கு அவனை முன்பே தெரியும், ஆசிரியர் நாகரிகம் கருதி மறைத்துவிட்டார் என்று முடித்தார் ஒரு பெண்மணி. அந்தக் கருத்துக்குத்தான் அதிகம் பேர் ‘பயனுள்ளது’ என்று குத்தியிருக்கிறார்கள். உனக்கு நாகரிகம் வேறு கொடுத்துவிட்டார்கள், பார்த்தாயா.

செசிலியை உனக்கு நினைவிருக்கும். நீ ஆறாவது படிக்கும்போது அவள் போனாள். கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் சுட்டு, உனக்கு மட்டும் தனி டப்பாவில் அனுப்புவாள். இந்த உலகத்தில் என் கதைகளை முழுசாகக் கேட்ட ஒரே ஜீவன் அவள்தான். உன் அம்மா பாதியில் எழுந்து போவாள், அவள் காம்பவுண்டுச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, “பொய்தான், தெரியுது. அப்பால இன்னா ஆச்சு, அத்த சொல்லுங்க,” என்பாள். இப்படி ஒருவர் இருந்துவிட்டால் ஒரு மனிதன் எவ்வளவு கெட்டுப்போவான் என்பதற்கு நான் உதாரணம். அவள் புருஷன் சூசை ஃபேக்டரியில் என்னோடு ஒரே ஷாப்பில் வேலை பார்த்தவன், ஒன்றாக மனை வாங்கி அடுத்தடுத்து வீடு கட்டியவன். அவனுக்குக் கதை பிடிக்காது. பிள்ளை குட்டி இல்லை. அவள் போன பிறகு அந்த முன்னறையில் அவள் போட்டோவை மாட்டி, அதற்குச் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு போட்டு, கரண்ட் போனால் மெழுகுவத்தி ஏற்றி, இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டான். நீ பேட்டிக்குப் போனபோது, “அவளப் பத்தி பேச எனுக்கு வாய் வராது தம்பி,” என்று காபி மட்டும் கொடுத்து அனுப்பினானே, அவ்வளவுதான் அவன்.

அவன் உன் புத்தகத்தைப் படிக்கவில்லை. கருத்துகளைத்தான் படித்தான். யாரோ ஒரு புண்ணியவான் அவனுக்கு அனுப்பி வைத்திருக்கிறார். ஒருநாள் காலை நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அவள் முழங்கை ஊன்றும் அதே இடத்தில் வந்து நின்றான்.

“மாமே, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. நீ பக்கத்து ஊட்டுக்காரன். அந்தாளு அதுக்கு முன்ன எப்பனா எங்க ஊட்டாண்ட வந்துகீறானா?”

இன்னா பேச்சுடா பேசுற என்றேன்.

“நானா பேசறேன்? இத்தினி பேர் பேசறாங்க,” என்று போனை நீட்டினான். “அன்னிக்கு அவ கல்யாணப் பொடவ கட்டிகினு இருந்தா. இத்தினி வருசமா அத்த நான் யோசிக்கவே இல்ல. இன்னாத்துக்கு மாமே கட்டுனா?”

இதற்குப் பதில் எனக்குத் தெரியும், மகனே. இப்போது இந்தப் பூமியில் எனக்கு மட்டும்தான் தெளிவாகத் தெரியும். அவன் இதுவரை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அக்டோபர் மாதம் இந்தத் தெருக் கத்தோலிக்கர்கள் மாதா சுரூபத்தை நாளுக்கொரு வீடாக எடுத்துப் போவது நீ பார்த்ததுதான். சாயங்காலம் ஜெபமாலை சொல்லிக்கொண்டே தூக்கிவந்து ஒரு வீட்டில் வைப்பார்கள். மறுநாள் அடுத்த வீடு. சூசை வீட்டு முறை அடுத்த வாரம்தான் இருந்தது. ஆனால் அன்று முறை வரவேண்டிய வீட்டில் பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அந்தக் கூட்டத்தை நடத்தும் ரீத்தம்மா மதியம் போகிற போக்கில் செசிலியிடம் வந்து, இன்றைக்கே நீ மாதாவை வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டுவிட்டுப் போனாள். அவ்வளவுதான். சூசை காலையிலேயே வேலைக்குப் போயிருந்தான். நீயும் உன் அம்மாவும் காலாண்டு லீவுக்கு அரக்கோணம் போயிருந்தீர்கள். நான் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். செசிலி சுவரோரம் வந்து கூப்பிட்டாள்.

“அண்ணாத்தே, உங்க டீப்பாய கொஞ்சம் குடுங்க. மாதா இன்னிக்கே வராங்களாம். எங்க ஊட்ல கீற முக்காலி ஆடுது.”

சுவருக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தேன். சும்மா கொடுப்பேனா? இது ஆற்காட்டு நவாப் கால் நீட்டிப் படுத்த டீப்பாய், எங்கள் தாத்தா சீட்டாட்டத்தில் ஜெயித்தது என்று அளந்தேன். “பொய்தான். ஆனா மாதாகிட்ட சொல்றேன், சந்தோசப்படுவாங்க,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே எடுத்துப் போனாள். நான் கிளம்பும்போது பார்த்தேன், துணி விரித்தாயிற்று, பட்டுப்புடவை கட்டியாயிற்று, தெருக் கதவு அகலத் திறந்திருந்தது. சாத்திக்கோம்மா என்றேன். துணி விரித்துவிட்டால் பிறகு சாத்தமாட்டோம் என்றாள். “வரவங்க கதவத் தட்ற மாதிரி வெக்கக் கூடாதுண்ணே.” இது எந்தக் கோயிலிலும் சொல்லிக்கொடுத்தது இல்லை. வேறு ஊர்க் கத்தோலிக்கர்களைக் கேட்டால் அப்படியொரு வழக்கமே கிடையாது என்பார்கள். இந்தத் தெருப் பெண்கள் தாங்களாக வைத்துக்கொண்டது. மாதா வருவதற்கு முன்னால் அவன் வந்தான்.

சூசையிடம் இதை அப்படியே சொன்னேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை இருக்கிற அளவிலேயே சொன்னேன். நவாபைக்கூட விட்டுவிட்டேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு என்னைத் தாண்டி எங்கள் கூடத்துக்குள் பார்த்தான். டீப்பாய் அங்கேதான் இருந்தது, மேலே மிக்சியோடு. ஒரு கால் விரிசல் விட்டு, நான் செம்புக் கம்பி சுற்றி வைத்திருப்பேனே, போட்டோவிலும் அந்தக் கம்பி தெரிகிறது. அவன் போனையும் டீப்பாயையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“டீப்பாய் உன்னுதுதான் மாமே,” என்றான். “அதுக்கு மேல நீ சொல்றதும் உன்னுதுதான்.”

சத்தியம் பண்ணினேன். எதன்மேல் பண்ண? என் சத்தியங்களை அவன் ஃபேக்டரி கேன்டீனிலேயே கேட்டு முடித்தவன். “என் மனசு தாங்கட்டும்னு சொல்றே, தெரியுது. நல்ல மனுசன்தான் நீ. உடு,” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான். எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான், மகனே. நீ புத்தகம் எழுதுகிறவன். இதைவிடக் கேவலமான அடி ஒன்று இருந்தால் எனக்கு எழுது.

அன்று மதியமே உனக்குப் போன் செய்தேன். அப்பா, இதை நீங்கள் பேட்டியிலேயே சொன்னீர்களே என்றாய். சொன்னேன்தான். எப்படிச் சொன்னேன் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் நீ சாப்பாட்டு மேஜையில் போனை வைத்து, சிவப்பு வட்டத்தை அழுத்திவிட்டு, என் எதிரே உட்கார்ந்தாய். காலேஜ் முடித்த பிறகு நீ என் எதிரே ஒரு முழு மணி நேரம் உட்கார்ந்தது அன்றுதான். எழுந்து போய்விடுவாயோ என்று எனக்குப் பயம். அதனால் மாதாவுக்கு முன்னால் ஒரு யானையை விட்டேன். யானைக்கு நீ சிரித்தாய். உடனே ஏழு பேண்டு செட்டை இறக்கினேன். விமானப்படை விமானம் ஒன்று ஆவடியிலிருந்து கிளம்பி வந்து பூத் தூவியது. டீப்பாயில் நவாப் உட்கார்ந்தார். அந்த நெரிசலுக்கு நடுவில் எங்கேயோதான் திறந்த கதவும் இருந்தது. நீ சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பா, இது புக்கு. நிஜம் மட்டும்தான் போட முடியும்,” என்று போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாய். அழுதுகொண்டு சொல்லவேண்டியதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. யானை இல்லாமல் நான் ஒரு சாவுக்குப் பக்கத்தில் போனதே இல்லை.

உன்மேல் தப்பில்லை. நீ மூன்றாவது படிக்கும்போது, ஃபேக்டரி டாங்கிகள் எல்லாம் இருட்டியதும் தானாக ஸ்டார்ட் ஆகி, வரிசையாக ஏரிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடும் என்று நான் சொன்னேன். அதை நீ வகுப்பில் எழுந்து நின்று சொன்னாய். பாதிப் பேரின் அப்பாக்கள் அதே ஃபேக்டரி. அன்று வீட்டுக்கு வந்து நீ அழவில்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டே, டாங்கிக்கு டீசல்தானேப்பா என்று கேட்டாய். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அம்மாவிடம் போய் ஒரு தடவை கேட்டுக்கொள்வாய். இரண்டு பேர் சொன்னால்தான் நிஜம் என்கிற உன் சட்டத்தை எந்தக் கல்லூரியும் உனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அது என் கைங்கரியம். அறிவுரை கேட்கிற வயசு உனக்குப் போய்விட்டது, சொல்கிற யோக்கியதை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. இருந்தாலும் நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், வாரத்தில் ஒரு நாளாவது அதனிடம் அளக்காமல் பேசு. என்றைக்காவது வீடு நிஜமாகவே பற்றி எரியும்போது அது திரும்பிப் பார்க்கவேண்டும்.

இன்னொரு ஆள் சொன்னால் பார்க்கலாம் என்று போனில் சொன்னாய் இல்லையா, அந்த இன்னொரு ஆளைத் தேடிப் போனேன். பிரசவ வலி எடுத்த வீட்டுக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டு எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ரீத்தம்மா இருக்கிறாள். பூந்தமல்லியில் மகள் வீட்டில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஆப்பிள் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். யாரையும் தெரியாது, எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவாங்க என்று மகள் முன்கூட்டியே சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, செசிலி வீட்டுக்கு மாதா வரவேண்டிய நாள் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். முகம் அப்படியே மலர்ந்தது. “வந்தாங்களே. வந்து உக்காந்து கேசரி துன்னுட்டுத்தான போனாங்க,” என்றாள்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். ‘வந்தாங்களே’ என்பதை மட்டும் போனில் பதிவு செய்துகொண்டால் போதும். உன் சட்டத்துக்கு இரண்டாவது ஆள் கிடைத்தாயிற்று. சூசையிடமும் போட்டுக் காட்டலாம். போனைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் நாக்கு சும்மா இருக்கவில்லை. மாதாவோடு யானை வந்ததா ரீத்தம்மா என்று கேட்டேன். “வந்திச்சு,” என்றாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. “நாமம் போட்டுகினு வந்திச்சு.” போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஆப்பிளை நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை.

இங்கே நிலவரம் இதுதான். சூசை அவள் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டான். சுவரில் அது இருந்த இடம் மட்டும் பழைய பெயிண்டாக ஒரு சதுரம். ஒயரோடு அந்தச் சிவப்பு பல்பு தொங்குகிறது. இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவன் கல்லறைக்குப் போகவில்லை. எத்தனை மழையிலும் போய்ச் சுத்தம் செய்து வெள்ளையடித்து, பூ வைத்து வருகிறவன், அன்று வீட்டுக்குள்ளேயே டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் போனேன். சுற்றிலும் எல்லாக் கல்லறையிலும் மெழுகுவத்தி, அவளுடையதில் புல். எனக்கு ஜெபம் தெரியாது. புல்லைப் பிடுங்கிவிட்டு, இரண்டு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நின்றேன். அப்பால இன்னா ஆச்சு என்று கேட்க ஆள் இல்லை. பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த ஒரு பெண், “இது அந்த புக்குல வர்றவங்கதானே சார்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

நேற்று மறுபடியும் அவனிடம் போய்ப் பேசிப் பார்த்தேன். அவனுக்குக் கோபமே இல்லை. காபி போட்டுக் கொடுத்தான். “நீ சொன்னது நெசமாவே இருக்கட்டும் மாமே. எனுக்கு நம்பணும்னுதான் ஆச. வேற யார்னா சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்,” என்றான். காபியைக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தான்; நானும் கேட்கவில்லை.

நீயும் நம்ப மாட்டாய். நம்பினாலும் உள்ளே ஓர் எழுத்து மாறாது, அச்சுக்குப் போய்விட்டது, எனக்குத் தெரியும். மாற்றினாலும் அந்தக் கருத்துகள் இணையத்திலிருந்து இறங்கப்போவதில்லை. நாளைக்கே ஒருவர், ஆசிரியரின் அப்பா உருகி உருகி எழுதுவதைப் பார்த்தால் அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்னவோ என்று ஐந்து நட்சத்திரம் குத்துவார். அதற்கும் கைதட்டுவார்கள். ஒரு கதவு ஏன் திறந்திருந்தது என்று சொல்கிற வேலையை ஊரிலேயே பெரிய புளுகனிடம் விட்டுவிட்டுப் போனாள் அவள். மாதாவுக்காவது இதில் கொஞ்சம் யோசனை இருந்திருக்கலாம்.

பின்னட்டைக்குக் கருத்துக் கேட்டிருந்தாய். சலூன்காரர் மரத்தைப் போட்டுக்கொள், வானகரத்துக்காரர் வருத்தத்தைப் போட்டுக்கொள், சிரிப்பார்கள். வாசகன் என்கிற முறையில் என் கருத்தையும் கேட்டால், ஒப்புக்கொள்கிறேன்: ஏரி இறங்கவில்லை. கல்யாணக் கோஷ்டி முகூர்த்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். டாங்கிக்கு டீசல்தான். நவாப் எங்கள் வீட்டுப் பக்கமே வந்ததில்லை. டீப்பாயை நான்தான் ஆவடி மார்க்கெட்டில் வாங்கினேன். யானை இல்லை, பேண்டு இல்லை, விமானம் இல்லை. அந்த வெள்ளைத் துணியை மட்டும் அவள் மாதாவுக்காக விரித்தாள். அது நிஜம்.

அன்புடன்,
அப்பா